கம்ப்யூட்டர் வைத்தியருக்கு எட்டுப் பொருத்தம்

பூவாணிக்குளத்துக்காரர்கள் யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கோளாறு அது ஒன்றுதான்.

அந்த ஊர் மணமாலைச் சங்கத்துக்குக் குற்றாலிங்கம் செயலாளர். சங்கத்தின் சொத்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், முந்நூறு ஜாதகம். கம்ப்யூட்டரைத் தொட மூன்று பேர் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். குற்றாலிங்கம் படிப்பார், துணைச் செயலாளர் ஆவுடையப்பன் அமுக்குவார், அமுங்கியதா என்று உறுப்பினர் சுடலைமுத்து பார்ப்பார். தப்பு நடந்தால் யார் மேலும் பழி விழாது.

அன்றைக்குக் குற்றாலிங்கம் விடிந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் செண்பகத்தை அம்பாசமுத்திரத்தில் ஒரு நல்ல இடத்தில் கேட்டிருந்தார்கள். செண்பகத்துக்கும் பையனைப் பிடித்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஜாதகம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஜாதகமோ கம்ப்யூட்டருக்குள் இருந்தது. காகிதப் பிரதி கிடையாது. கம்ப்யூட்டர் விற்றவர், "இனிமே உங்களுக்குக் காகிதமே தேவையில்லை" என்று சொன்னதால் அத்தனையையும் அன்றே கொளுத்திவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் எதையோ அமுக்க, திரை முழுக்கச் சிவந்துபோய் ஆம்புலன்ஸ் போல அலறியது. குற்றாலிங்கம் படித்தார்: "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்."

"மேலுக்கு முடியலன்னதும் அதுவே டாக்டர் நம்பரும் குடுக்குது பாத்தியளா? நம்ம வீட்டு மாடு குடுக்குமா?" என்றார் ஆவுடையப்பன்.

சுடலைமுத்து தம் வீட்டு மாட்டை நினைத்துப் பார்த்தார். "குடுக்காது."

குற்றாலிங்கம் அழைத்தார். "கம்ப்யூட்டர் கம்பெனி ஹெட் ஆபீஸ்லேர்ந்து ராஜேஷ் பேசறேன் சார்" என்றது தேனான ஒரு குரல். "உங்க ஃபைலெல்லாம் அழிஞ்சிட்டிருக்கு. போனை வைக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. இப்ப நான் சொல்றதை டைப் பண்ணுங்க." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது.

குற்றாலிங்கம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

"பண்ணீங்களா சார்?"

"நான் பண்ணக் கூடாது. அமுக்குறது ஆவுடையப்பன்."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க!"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னியளே?"

ஆவுடையப்பனிடம் சொல்ல அனுமதி வாங்கி, பிறகு சுடலைமுத்துவிடம் சொல்லத் தனியாக அனுமதி வாங்கி, ஏதோ ஒரு புரோகிராமை இறக்கி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. திரையில் ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் வந்தது.

"அந்த நம்பரைச் சொல்லுங்க சார். உங்க கம்ப்யூட்டர் என் கைக்கு வந்துடும்."

சுடலைமுத்து சுவரைக் காட்டினார். போலீஸ்காரர்கள் போன மாதம் ஒட்டிய அறிவிப்பு: "கம்ப்யூட்டரைச் சரிசெய்வதாகச் சொல்லும் முன்பின் தெரியாதவர்களிடம் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள்."

"இவரை நமக்குத் தெரியாதுல்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"தெரிஞ்சுக்கிட்டா போச்சு" என்றார் குற்றாலிங்கம். ஓர் ஆளைத் தெரிந்துகொள்ள அந்தச் சங்கத்துக்கு ஒரே வழிதான் தெரியும். விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். "சார், உங்க நட்சத்திரம் என்ன?"

ராஜேஷ் அதட்டினார், கெஞ்சினார், ஃபைலெல்லாம் போகப்போகிறது என்று மிரட்டினார். குற்றாலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "எம் மவ ஜாதகம் உள்ள கெடக்கு சார்! சட்டுனு நட்சத்திரத்தைச் சொல்லுங்க!"

"மிருகசீரிஷம்! வயசு முப்பத்து மூணு! போதுமா?"

"கல்யாணம் ஆயிட்டா?"

"நாலு வருஷமா பாக்கறாங்க சார்" என்றது குரல். அதில் இப்போது தேன் இல்லை.

சுடலைமுத்து விரல் விட்டு எண்ணினார். "நம்ம செண்பகம் ரோகிணி. பத்துக்கு எட்டு அண்ணாச்சி!"

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டது போன்.

அதன்பின் எல்லாம் தானாக வந்தது. உண்மைப் பெயர் தங்கமாரியப்பன். கோயம்புத்தூரில் ஒரு டீக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி, கதவு எண்ணோடு சொன்னார்.

"தெரிஞ்சாச்சு. நம்பரைச் சொல்லிரட்டுமா?" என்றார் குற்றாலிங்கம்.

"மாப்பிள்ளையைப் பத்தி நாலு இடத்துல விசாரிக்காமலா?" என்று பதறினார் ஆவுடையப்பன். அறிவிப்பின் அடியில், "சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் விசாரியுங்கள்" என்று போட்டிருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் படிவத்தை மூன்று தடவை படித்தார். பிறகு ஆவுடையப்பனை உட்காரவைத்து, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து, கோயம்புத்தூருக்குப் போன் செய்தார்.

குற்றாலிங்கம் போனைக் காது மாற்றிக் காது மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். "விசாரிக்க ஆள் வருவாங்க. எங்கயும் போயிராதிய" என்றார். தங்கமாரியப்பனும் போகவில்லை. மூன்று மணிக்கு அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க போல மாமா" என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு எழுந்து போனார். பிறகு லைன் அறுந்துவிட்டது.

நாலரைக்கு வேலை முடிந்து வந்த செண்பகம், அலறுகிற கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அணைக்காதேன்னு எழுதியிருக்கு!" என்று அப்பாவும் சுடலைமுத்தும் கத்தக் கத்த அணைத்தாள். மறுபடி போட்டு, அந்தப் புரோகிராமைத் தூக்கி எறிந்து, ஜாதகத்தை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினாள். "ஃபிராடுப்பா அவன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஆவுடையப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து, சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதைக் குற்றாலிங்கத்தின் காதில் சொன்னார். அதே நேரம் போன் அடித்தது. ஜாதகம் பிரமாதம், நாள் குறித்துவிடலாம் என்றார்கள் அம்பாசமுத்திரத்தார்.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனைப் பிடுங்க வந்த மகளை ஒரு கையால் தடுத்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க. எட்டுப் பொருத்தத்துல வேற இடம் அமைஞ்சுபோச்சு. மாப்பிள்ளைக்குத் தங்குறது கவர்மென்ட் கட்டடம், மூணு வேளையும் கவர்மென்ட் சாப்பாடு, வாசல்ல துப்பாக்கியோட காவல். இன்னும் மூணு வருசத்துக்கு டிரான்ஸ்பர்கூடக் கிடையாதாம்."