சற்குணம் தலையாட்டினார்

"மூக்கு போச்சு மாஸ்டர்" என்றார் சற்குணம்.

ரெஜினா பீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கே."

"இருக்கு. வேலை செய்யலை. மூணு வாரம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அதுலதான் ரெண்டு சனிக்கிழமை வராம இருந்தேன். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. திரும்ப வரும்ங்கறாரு டாக்டர். எப்போன்னு கேட்டா மேல கையைக் காட்டறாரு."

ரெஜினா டார்ச்சை அணைத்தார்.

சற்குணத்துக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை கலந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே இங்கே வந்து நின்றார். புதுச்சேரியில் பழைய ஐஸ் பாக்டரி ஒன்றைப் பிடித்து ரெஜினா சின்னதாக பீர் ஆலை தொடங்கியிருந்த நேரம் அது.

"எனக்கு இதைக் கத்துக்குடுங்க மாஸ்டர்" என்று கேட்டார். ரெஜினாவுக்கு அப்போது வயது முப்பது. சற்குணத்தின் மகளைவிடச் சின்னவர். இருவருமே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு வருஷம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை மதியங்களில் ஆலையில் கூட்டம் கூடும். பீர் என்றால் ஆசையாக ஓடி வருகிற ஓர் இருபது பேர். சின்னக் கண்ணாடிக் குவளைகளில் நாலு வகை வரும். முதல் வாய் எப்போதும் சற்குணத்துக்கு. அவர் கண்ணை மூடுவார், உறிஞ்சுவார், தலையாட்டுவார்.

"ஆரஞ்சுத் தோல். கொத்தமல்லி விதை. கடைசியில லேசா கிராம்பு."

இருபது பேரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகுதான் குடிப்பார்கள்.

இப்போது ஐப்பசி பிறந்திருந்தது. பருவம் மாறும்போதெல்லாம் அந்தப் பருவத்துக்கென்று புதிதாக ஒரு காக்டெயில் கலப்பது கூட்டத்தின் வழக்கம். கலப்பவர் சற்குணம். நாளை மறுநாள் மழைக்காலக் கலவை.

"இந்தத் தடவை வேற யாரையாவது கலக்கச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார்.

"நீங்கதான் கலக்கறீங்க."

"வாசனையே தெரியாம எப்படி?"

ரெஜினா தொட்டியின் குழாயைத் திருகி ஒரு குவளையில் கொஞ்சம் பிடித்து நீட்டினார்.

"என்ன தெரியுது?"

சற்குணம் குடித்தார். "ஒண்ணும் தெரியல."

"இன்னொரு வாய்."

குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். "ஜில்லுனு இருக்கு. முள்ளு முள்ளா குத்துது. நுனி நாக்குல இனிப்பு. ஓரத்துல புளிப்பு. முழுங்கினப்புறம் கசப்பு நிக்குது."

"ஒண்ணும் தெரியலன்னீங்க."

"இது நாக்கு மாஸ்டர். நாக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. என் மூக்கை நம்பித்தானே அத்தனை பேரும் வர்றாங்க."

ரெஜினா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தரையைக் கழுவப் போனார். பாதி வழியில் நின்று கேட்டார்.

"நம்ம தாமோதரனுக்கு எந்த பீர் சார் பிடிக்கும்?"

சற்குணம் யோசித்தார். தாமோதரன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. மூலைப் பெஞ்சில் உட்காருவார். குடிப்பார். கும்பிட்டுவிட்டுப் போவார்.

"தெரியலையே."

"கேட்டுப் பாருங்க" என்றார் ரெஜினா. தண்ணீரைத் திறந்துவிட்டார். அதற்கு மேல் பேச்சு கேட்கவில்லை.

சற்குணம் தாமோதரனிடம் கேட்கவில்லை.

கலவைக்கும் தாமோதரனுக்கும் என்ன சம்பந்தம் என்று வீடு போய்ச் சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டார். கடைசியில் நோட்டை எடுத்தார். போன வருஷத்து மழைக்கலவை அதில் அளவோடு எழுதியிருந்தது. கோதுமை பீர் இவ்வளவு, ஜின் இவ்வளவு, எலுமிச்சைச் சாறு இவ்வளவு, எலுமிச்சைப்புல் பாகு இவ்வளவு.

அளவு இருக்கும்போது மூக்கு எதற்கு?

மனைவி விமலா காரைக்காலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சற்குணமே அடுப்பைப் பற்றவைத்தார். எலுமிச்சைப்புல்லை நறுக்கிப் போட்டுச் சர்க்கரைப் பாகு காய்ச்சினார். ஆறியதும் அலமாரியில் கிடந்த பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நன்றாகக் கழுவித் துடைத்து அதில் ஊற்றி மூடினார்.

சனிக்கிழமை மதியம் வானம் கறுத்திருந்தது. கூட்டமும் அதிகம். சிலர் வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். சற்குணம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்று கலந்தார். கை பழகின கை. ஐஸ் குலுங்கியது. நுரை பொங்கியது. மேலே ஓர் எலுமிச்சைப்புல் குச்சி.

முதல் குவளையை எடுத்தார்.

எதிரே முன்வரிசையில் பல் டாக்டர் கோமதி. நோட்டைத் திறந்து, பேனாவைத் திறந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்குணம் கண்ணை மூடினார். உறிஞ்சினார். இனிப்பு சரி. புளிப்பு சரி. மற்றபடி சுவர்.

தலையாட்டினார்.

"எலுமிச்சைப்புல்" என்றார். "இஞ்சி இல்லாமலேயே இஞ்சி மாதிரி ஒரு காரம். அடியில..." கொஞ்சம் தயங்கினார். "அடியில மண்வாசனை."

பேனாக்கள் ஓடின. குவளைகள் உயர்ந்தன.

கோமதி ஒரு வாய் குடித்தார். புருவம் சுருங்கியது. நோட்டில் ஏதோ கிறுக்கினார். சற்குணத்தைப் பார்த்தார். புருவம் விரிந்தது.

"பிரமாதம் சார்! அந்த மண்வாசனை தூக்கலா இருக்கு."

"ஆமாமா" என்றார் பக்கத்தில் இருந்தவர். "தைரியமான கலவை."

"புது மாதிரி" என்றார் இன்னொருவர், கண்ணில் நீர் கோக்க.

சற்குணத்துக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். அடுத்த சனிக்கிழமையும் இப்படியே தப்பித்துவிடலாம்.

அப்போதுதான் மூலைப் பெஞ்சு கண்ணில் பட்டது. தாமோதரன் குவளையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். குவளை நிறைந்தபடி இருந்தது. வேறு எங்கோ பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்குணம் மேடையை விட்டு இறங்கி அவரிடம் போனார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக.

"பிடிக்கலீங்களா?"

தாமோதரன் பதறி எழுந்தார். "ஐயோ, நல்லா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் வெச்சிட்டீங்க?"

"வெச்சுக் குடிக்கலாம்னு..."

"தாமோதரன், உண்மையைச் சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தாமோதரன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பூண்டு ஊறுகா வாசனை வருது சார்."

அந்த டப்பா. விமலா வருஷா வருஷம் பூண்டு ஊறுகாய் போட்டு வைக்கிற டப்பா. நாலு தடவை தேய்த்துக் கழுவினாலும் போகாத வாசனை. மூக்கு இருந்தவரை அந்த அலமாரியைத் திறக்கும்போதே தெரியும்.

சற்குணம் திரும்பிப் பார்த்தார். முப்பது பேர் பூண்டு பீரைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். இன்னும் ஒரு வாய் குடித்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தூரத்தில் ரெஜினாவும் ஒரு குவளையோடு நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சும்மா இருந்துவிடலாம். தாமோதரன் வாய் திறக்கமாட்டார். ஆறு வருஷம் திறக்காதவர்.

சற்குணம் மேடை ஏறினார்.

"குடிக்காதீங்க" என்றார். "எல்லாரும் கீழ வைங்க. அது மண்வாசனை இல்லை. பூண்டு. எங்க வீட்டு ஊறுகா டப்பாவுல பாகை ஊத்திக் கொண்டாந்துட்டேன். எனக்கு மூணு வாரமா மூக்கு வேலை செய்யலை. உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல."

கோமதி நோட்டைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார்.

"குடிச்சதும் நான் பூண்டுன்னுதான் சார் எழுதினேன்!" என்று கத்தினார். "நீங்க மண்வாசனைன்னீங்களேன்னு அடிச்சுட்டேன்! இங்க பாருங்க!" நோட்டைத் தூக்கிக் காட்டினார். பூண்டு என்று எழுதி அதன்மேல் மூன்று கோடு.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. தைரியமான கலவை என்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கோத்தவர் இப்போது நிஜமாகவே அழுதார். "ரெண்டாவது கிளாஸ் கேட்டேனே, ரெண்டாவது கிளாஸ் கேட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சற்குணம் சிரிக்கக்கூடாது என்று நினைத்தார். முடியவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது.

தகரக் கூரையில் அது இறங்கிய வேகத்தில் எல்லோரும் கதவுப் பக்கம் ஓடினார்கள். வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்கள். சற்குணமும் இழுத்தார். குளிர்ந்த காற்று வந்தது. வெறும் காற்று.

பக்கத்தில் தாமோதரன் நின்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் சற்குணம்.

"மழையா சார்?"

"வாசனை."

தாமோதரன் இன்னொரு முறை மூச்சு இழுத்தார். "லிஃப்ட் ரிப்பேருக்குப் போனா கடைசி மாடிக்கு மேல ஒரு ரூம் இருக்கும் சார். கிரீஸும் சூடுமா நாலு மணி நேரம் அதுக்குள்ள இருப்போம். முடிச்சுட்டு மொட்டைமாடிக் கதவைத் திறப்போம் பாருங்க. அப்ப முகத்துல அடிக்குமே. அது."

சற்குணம் அவரையே பார்த்தார். இத்தனை வருஷம் இவர் மூலையில் உட்கார்ந்திருந்தாரா!

"அதைக் கலக்கணும்" என்றார். "வாங்க. எனக்கு நாக்கு இருக்கு. மூக்கு நீங்க போடுங்க."

பாகு போயிற்று. வேறு என்ன இருக்கிறது என்று தேடினார்கள். கோமதி குடையை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாரி தள்ளுவண்டிக்கு ஓடி, பாதி நனைந்து, ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார். யாரோ பின்கட்டில் நின்ற நார்த்தை மரத்திலிருந்து இலை பறித்து வந்தார்கள். ரெஜினா மிளகையும் உப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

சற்குணம் கொய்யாவை மசித்து ஜின்னில் கலந்து வடிகட்டினார். கோதுமை பீரை ஊற்றி, ஒரு நார்த்தை இலையைப் போட்டார். குடித்துப் பார்த்தார்.

"இனிப்பு ஜாஸ்தி. உப்பு ஒரு சிட்டிகை. வாசனை எப்படி?"

"கொய்யா தூக்கி அடிக்குது" என்றார் கோமதி.

"இல்லவே இல்லை, இலை வாசனைதான் தூக்கலா இருக்கு" என்றார் தைரியமான கலவைக்காரர்.

"உங்களுக்குப் பூண்டே தெரியல, நீங்க பேசாதீங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்ணீங்க? அடிச்சுட்டீங்க!"

ஆறு வருஷத்தில் அந்தக் கூடத்தில் சண்டை நடந்ததே இல்லை. இன்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பச்சைப் புல் என்றார் ஒருவர். குதிரை லாயம் என்றார் மற்றவர். நோட்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. சற்குணம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கலந்தார். நாலு முறை கொட்டினார். ஐந்தாவது முறை குவளையைத் தாமோதரனிடம் நீட்டினார்.

தாமோதரன் முகர்ந்தார். "இலையைக் கொஞ்சம் கசக்கிப் போடுங்க சார்."

கசக்கிப் போட்டார்.

தாமோதரன் முகர்ந்தார். குடித்தார். பிறகு குவளையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "கதவு திறந்துடுச்சு சார்" என்றார்.

கூடம் அதிர்ந்தது. ஆளாளுக்குக் குவளை நீட்டினார்கள். கொய்யா தீர்ந்து, கோமதி மறுபடி மழையில் ஓடினார். மழை விடும்வரை ஒருவரும் கிளம்பவில்லை. மழை விட்ட பிறகும் கிளம்பவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு சற்குணமும் ரெஜினாவும் குவளைகளைக் கழுவினார்கள். வெளியே ஓடை போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே கொஞ்சம் வெயில்கூட எட்டிப் பார்த்தது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எனக்கு மூக்கு வேலை செய்யலைன்னு இங்க தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. முதல் வாய்லயே பூண்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நானாக் கண்டுபிடிக்கட்டும்னுதானே பேசாம இருந்தீங்க?"

ரெஜினா கழுவின குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இல்லை சார்."

"பின்ன?"

"நீங்க தலையாட்டினீங்களே" என்றார் ரெஜினா. "மண்வாசனைதான் போலன்னு நானும் பாதி கிளாஸ் குடிச்சுட்டேன்."