வெறுங்கால் பூஜை

சென்னைப் புறநகர் ஒன்றில், சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்கரையைப் பிள்ளைகளுக்கு மைதானமாக்கும் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரர் தனபூபதி மரங்களைத் தரைமட்டத்தோடு வெட்டிவிட்டு, முள்ளும் வேரும் தெரியாமல் செம்மண்ணைப் பரப்பினார்.

“சார், வேர் உள்ளேயே கிடக்கு. பசங்க வெறுங்காலோட ஓடுவாங்க” என்றாள் கூலிவேலை செய்யும் தெய்வானை.

“மண்ணைத் தொடாம ஒரு முள்ளைக் காட்டு பார்ப்போம்! நாளைக்குத் திறப்பு விழாப் பூஜைக்குள்ள காட்டலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை.”

மறுநாள் தெய்வானை சாமி படத்தையும் கற்பூரத் தட்டையும் மைதானத்தின் நட்ட நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பூஜைக்கு வந்த நகராட்சி ஆணையர் செருப்பைக் கழற்றினார்.

“மேடம், பாடுபட்டதெல்லாம் சார்தான். முதல்ல அவரு போய்க் கற்பூரம் ஏத்தட்டும்” என்றாள் தெய்வானை.

எல்லோரும் கைதட்டினார்கள். தனபூபதி ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் மெதுவாகக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு செம்மண்ணைப் பார்த்தபடியே நின்றார்.

“போங்க சார், சாமி காத்துக்கிட்டு இருக்கு” என்றாள் தெய்வானை.

“ஏன் நிக்கிறீங்க?” என்றார் ஆணையர்.

“முள்ளு இருக்கும் மேடம்” என்று தனபூபதி முனகினார். “வேரைத் தோண்டிட்டு அடுத்த வாரம் பூஜை வச்சுக்கலாம்.”

மாலையே ஜேசிபி வந்தது. எங்கெங்கே தோண்ட வேண்டும் என்று தெய்வானை முன்னால் நடந்து காட்டினாள், செருப்புப் போட்டுக்கொண்டு.