விபூதி பூசிய ஹார்ட் டிஸ்க்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்பொழுதே உதிரட்டும். எனக்கு மீசை கிடையாது. அது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

"சாமி, போச்சு. எல்லாம் போச்சு."

கருங்காட்டு மலையடி மடத்தில் உமியாண்டிச் சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, சீடன் வடமலை இப்படி வந்து நின்றான். கையில் ஹார்ட் டிஸ்க். சாமி இத்தனை வருஷம் பேசியதெல்லாம் அதற்குள். வேறு பிரதி கிடையாது. கம்ப்யூட்டரில் சொருகினால் டக் டக் என்கிறது. திறக்க மாட்டேன் என்கிறது.

"விவரம் தெரிந்தவனிடம் கொடேன்."

"அதற்குள் நானே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், சாமி."

பார்த்தான்.

வீடியோவில் ஒருவன் குளிரில் வைக்கச் சொன்னான். பையில் சுற்றி, மடத்து ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தான். கீழ்த்தட்டில் தோசை மாவு. மறுநாள் அந்தத் தோசையைத் தின்றவர்களெல்லாம் ஆளுக்கொரு உபதேசம் செய்தார்கள். டிஸ்க் மட்டும் வாய் திறக்கவில்லை.

இன்னொருவன் அரிசியில் புதைக்கச் சொன்னான். வேறொருவன் கரண்டியால் செல்லமாகத் தட்டச் சொன்னான். புதைத்தான், தட்டினான், ஒவ்வொரு தடவையும் சொருகிப் பார்த்தான். டக் டக். சுவரிலிருந்த பல்லி, சொந்தக்காரன் என்று நினைத்துப் பதில் சொன்னது.

கடைசியில் மூடியைக் கழற்றினான்.

உள்ளே கண்ணாடிபோல வட்டத் தகடு. ஒரு தூசு விழக்கூடாது என்று வீடியோக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வடமலை மின்விசிறியை நிறுத்தினான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான். ஆனால் குருவின் வாக்கு குடியிருக்கும் இடத்தை வெறும் நெற்றியாக விட மனசு வருமா? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பூசிப் பூசிப் பழகிய கை, தன்னால் மடியிலிருந்த சுருக்குப்பைக்குப் போயிற்று.

மூன்று விரலால் விபூதிப் பட்டை. நடுவில் குங்குமம்.

பிறகு சொருகினான். கிறீச்சென்று ஒரு சத்தம். அதோடு டக் டக்கும் நின்றுபோயிற்று.

சாமி எட்டிப் பார்த்தார்.

"லட்சணமாகத்தான் இருக்கிறது."

வடமலை உட்கார்ந்து அழுதான். மற்றப் பேச்செல்லாம் போனால் போகட்டும். முதன்முதலில் அவன் மடத்துக்கு அழுதுகொண்டு வந்த அன்று, சபையில் சாமி அவனுக்குச் சொன்ன பதிலும் அதில்தான் இருந்ததாம். அந்தப் பதிலால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறானாம். அதை மறுபடி கேட்காமல் இருக்க முடியாது என்றான்.

"அப்படி என்னப்பா சொன்னேன்?"

"ஞாபகமில்லை, சாமி. டிஸ்கில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்."

"எனக்கும் ஞாபகமில்லை. சரி, அன்றைக்கு எதற்கு அழுதாய்? அதைச் சொல். புதிதாக ஒரு பதில் சொல்கிறேன்."

வடமலை மூக்கைத் துடைத்தான். கூரையைப் பார்த்தான். விரலை மடக்கினான், நீட்டினான்.

"அது வந்து, சாமி..."

சாமி காத்திருந்தார்.

வடமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இவ்வளவுதான். யாராவது கேட்டால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். மடத்தில் எனக்கு இன்னும் மத்தியானச் சாப்பாடு நடக்கிறது.