பீப்பாயின் உட்புறம் ஏன் கருகியிருக்கிறது

அந்தக் காலத்தில் மிருகங்களும் பேசின, மரங்களும் பேசின. மழை வருமா என்று மரத்தைக் கேட்டுவிட்டுத்தான் மலையில் தானியத்தைக் காயப்போடுவார்கள்.

அந்த மலையூரில் மாதி என்றொரு இளம்பெண் இருந்தாள். முளைகட்டிய கேழ்வரகில் ஊறல் போட்டு, நுரை ததும்பும் மது ஆக்குவாள். அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது. அவள் வாயும் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்பாள்.

ஒருநாள் ஊர் மூப்பன் கோடன் காட்டில் செத்துக் கிடந்தான். புலி அடித்துவிட்டது என்றான் அவன் தம்பி பெத்தன். அடுத்த மூப்பனும் அவனே ஆனான். புலியும் பேசுகிற காலம்தானே, கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. மூப்பன் ஒன்றைச் சொன்ன பிறகு புலியிடம் போய் விசாரிக்க யாருக்குத் துணிச்சல்? மாதிகூட அன்று ஏன் என்று கேட்கவில்லை.

கோடன் கிடந்த இடத்தில் ஒரு கருவாலி மரம் நின்றது. இன்று ஓக் என்கிறார்களே, அதுதான். பெத்தன் அன்றே அதை வெட்டிச் சாய்த்தான். வெட்டுப்பட்ட மரத்துக்குப் பேச்சு போய்விடும் என்பது அவன் கணக்கு. பிறகு அதைக் குடைந்து பீப்பாயாக்கி, தான் மூப்பனானதற்கு வைக்கும் விருந்துக்கு மது ஆக்கும்படி மாதி வீட்டில் இறக்கினான்.

ஊறல் பொங்கி அடங்கியது. பதம் பார்க்க மாதி ஒரு வாய் குடித்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது. வந்தது அவள் குரல் இல்லை. காற்றில் கிளை முறிகிற மாதிரி ஒரு குரல்.

"கோடனைப் புலி அடிக்கவில்லை. பெத்தன்தான் ஈட்டியால் குத்தினான். என் அடியில் வைத்து."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகவும் அது பேசியது.

மது ஆக்கியவள்தான் விருந்தில் ஊர் முன்னால் முதல் குவளையைக் குடிக்க வேண்டும். குடித்தால் இந்தக் குரல் வரும். வந்தால் அடுத்த நொடி பெத்தனின் ஈட்டியும் வரும்.

கொட்டிவிடலாம் என்று பீப்பாயைச் சாய்க்கப் போனாள். வாசலை மறைத்துக்கொண்டு பெத்தன் நின்றான். மது இன்னும் பதமாகவில்லை, வயிற்றைக் கெடுக்கும் என்று என்னென்னவோ வாதாடிப் பார்த்தாள். அவன் மொண்டு குடித்தான். அவன் செய்த கொலை, அதே மரக்குரலில், அவன் வாயிலிருந்தே வந்தது.

குவளையைப் போட்டுவிட்டு அவள் கழுத்தைப் பிடித்தான். "உனக்குக் கேட்டதா?"

"கேட்டது என்றால் கொல்வீர்கள். இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். எதைச் சொல்ல, மூப்பரே?" என்றாள் மாதி. "என்னைக் கொன்றால் மது எங்கே என்று ஊர் கேட்கும். மாதி எங்கே என்றும் கேட்கும்."

பிடி கொஞ்சம் தளர்ந்தது. "அப்படியானால் இந்தப் பீப்பாயின் நாக்கைச் சுடு."

அவன் ஈட்டியோடு காவல் நிற்க, மாதி மதுவை மண்ணில் கொட்டிவிட்டு அடுப்புத் தணலை அள்ளிப் பீப்பாய்க்குள் போட்டாள். சூடு பட்டதும் மரமே வாய் திறந்து கெஞ்சியது, பிறகு அலறியது. நீயுமா மாதி என்று கேட்டது. அவள் அடுத்த தணலை அள்ளிப் போட்டாள். உட்புறம் முழுக்கக் கருகியதும் சத்தம் அடங்கியது. அந்த அலறலைக் கேட்ட மலை மரங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டன.

கருகிய பீப்பாயில் புதிதாக ஊறல் போட்டாள். விருந்து நாளும் வந்தது. மாதி கண்ணை மூடிக்கொண்டு முதல் குவளையைக் குடித்தாள். மரக்குரல் வரவில்லை. புகையும், காந்திய வெல்லத்தின் ருசியும்தான். ஆனால் அவள் மறைத்துவைத்த சொற்கள் அவள் குரலிலேயே தொண்டைக்கு ஏறி வந்தன. உதட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெத்தன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுக் குடித்தான். இப்படியொரு ருசி அவன் கண்டதேயில்லை. மறுபடி ஊற்றச் சொன்னான், மறுபடியும் ஊற்றச் சொன்னான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பேசினான். நாயைக் கூப்பிடும்போது வருமே, அதே சொந்தக் குரல்.

"புலியா? புலி எங்கே வந்தது? அண்ணன் திரும்பிப் பார்த்து, தம்பி என்றான். அதற்குள் குத்திவிட்டேன்."

மாதிதான் முதலில் எழுந்தாள். அவன் பக்கத்தில் சாய்த்திருந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு விலகினாள். அதன் பிறகே மற்றவர்கள் எழுந்து அவனைச் சூழ்ந்தார்கள்.

அன்று முதல்தான் மரங்கள் மனிதர் முன்னால் வாய் திறப்பதில்லை. பீப்பாயின் உட்புறத்தைக் கருக்குவதும் அன்று முதல்தான். இன்று வீட்டில் பீர் ஊறவைப்பவர்கள்கூடக் கருகிய ஓக் துண்டுகளை உள்ளே போட்டுவிட்டு, ஆகா, கருகிய பீப்பாயில் ஊறிய பர்பன் விஸ்கி வாசம் என்கிறார்கள். குடித்தவன், யாரும் கேட்காததையெல்லாம் தானே சொல்லத் தொடங்குகிறானே, அதுவும் அன்று முதல்தான்.