முடி சூடிய கரிக்கட்டை

நெடுங்காடு என்றொரு நாடாம். அதைக் கோமாறன் என்ற ராஜா ஆண்டானாம். நினைத்தது அன்றைக்கே நடக்க வேண்டும் அவனுக்கு. குதிரை விட்டு வேட்டையாட வெட்டவெளி வேண்டும் என்றான்.

"காட்டோரம் கொஞ்சம் கொளுத்தினால் போதும், மகாராஜா. தீ என் சொல்லைக் கேட்கும்" என்றார் தளவாய் செண்டலங்காரர்.

தீ கேட்கவில்லை. மலைக்காட்டுக்குள் போய்விட்டது.

பிறகு புகை ஊருக்குள் வந்தது. நடுப்பகலில் சூரியன் செப்புத் தட்டு மாதிரி மங்கித் தொங்கியது. காக்கை கரையவில்லை. போட்ட கோலத்தைச் சாம்பல் மூடியது. தெருவில் இருமல்தான் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். சில வேளை ஆள் வருவதே இல்லை. அரண்மனைத் தொட்டிலில் ராஜாவின் கைக்குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு எந்தத் தாய் தூங்குவாள்? ராணி கண்ணை மூடவே இல்லை.

அமைச்சர் திருமேனியார் சபையில் எழுந்தார். "அரசே, தீ இன்னும் எரிகிறது. படையை அனுப்பிக் காட்டின் குறுக்கே மரம் செடிகளை வெட்டித் தீ தாண்டாதபடி தடம் விடவேண்டும். குழந்தை தாங்காது."

தளவாய் சிரித்தார். அமைச்சர் பதவி மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "தீ அணைந்தாயிற்று. இது வெறும் பனி. அமைச்சருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது போலிருக்கிறது. மகாராஜாவின் திருமுகம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறதே."

தன் ஆசையால் வந்த வினை என்று ஒப்புக்கொள்ள ராஜாவுக்கும் மனமில்லை. "பனிதான்" என்றான்.

சபை கலைந்ததும் அமைச்சர் அவனைத் தனியே பிடித்தார். "நாளைக்கு நீங்கள் என் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். நீங்கள் அங்கே நிற்பதைத் தளவாய் கண்டுபிடித்துவிட்டால் என் பதவி அவருக்கு."

விளையாட்டு என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றான்.

மறுநாள் சபைக்குள்ளும் புகை நின்றது. சிம்மாசனத்தில் கிரீடத்தோடு ஓர் உருவம் அசையாமல் இருந்தது. வழக்கம்போல் தளவாய் முன்னால் போய் வணங்கினார்.

"முழுநிலவு போன்ற திருமுகம்."

உருவத்தின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி கனிந்தது, மங்கியது, மறுபடி கனிந்தது. மூச்சு விடுவது போல.

தளவாய் இன்னும் குனிந்தார். "கண் சிவந்திருக்கிறதே. அமைச்சர் மேல் கோபமா, மகாராஜா?"

"உன் மேல்தான்" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

சேவகர்கள் விசிறிப் புகையை விலக்கினார்கள். மண் நிரப்பிய அண்டாவில் நட்ட கரிக்கட்டை ஒன்று கிரீடம் சூடி உட்கார்ந்திருந்தது. அதன் பொந்துக்குள் கங்கு.

"இன்று காலை மலையிலிருந்து கொண்டுவந்தது. தளவாய் அணைத்த தீ" என்றார் அமைச்சர்.

அந்தப்புரத்திலிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். தளவாயிடம் மண்வெட்டியை நீட்டினான்.

"தீ உன் சொல் கேட்குமே. முன்னால் போய்ச் சொல்லு. நான் பின்னால் வருகிறேன்." தானும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டான்.

தடம் விட்டதும் தீ அதைத் தாண்டவில்லை. புகை மெல்ல மெல்லக் கலைந்தது. கட்டை மட்டும் சபையிலேயே இருந்தது. ராஜாவின் முகத்தைப் புகழ வந்தவர்கள் முதலில் அதைப் புகழ வேண்டும் என்று உத்தரவு. அப்புறம் யாரும் புகழவில்லை.

ஒரு விடியலில் அசந்து தூங்கிப்போன ராணி திடுக்கிட்டு எழுந்தாள். தொட்டிலில் சத்தமே இல்லை. ஓடிப்போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள்.

விரலில் கதகதப்பாக மூச்சு பட்டது.