குதிகால் உடைந்த ராஜாவும் கோழி வழக்கும்

வெண்குன்றத்து ராஜா மாறவேலனுக்கு எப்போதும் அவசரம். ஒருநாள் சவாரி முடிந்து இறங்கும்போது, யானை மண்டியிடும்வரைகூடப் பொறுக்கவில்லை. மேலேயிருந்து தொப்பென்று குதித்தார். குதிகால் எலும்பு விரிசல் விட்டது.

இரண்டு வைத்தியர்கள் ஓடி வந்தார்கள்.

"கீறி, எலும்பை நேராக்கி, வெள்ளிக் கம்பி செருகலாம்," என்றார் கத்தி வைத்தியர் அகோரம். "ஆனால் குதிகாலில் சதை கம்மி. புண் ஆறாமல் படுத்தினாலும் படுத்தும்."

"எலும்பு இன்னும் இடம் விலகவில்லை. கட்டுப் போட்டாலே கூடிவிடும்," என்றார் கட்டு வைத்தியர் மருதையன். "ஆனால் கூடும்வரை காலைத் தரையில் ஊன்றவே கூடாது."

"கத்தியும் வேண்டாம், முடங்கிக் கிடக்கவும் மாட்டேன்!" என்று ராஜா இரைந்தார். "தத்தை, எது சரியென்று நீ சொல். பலிக்காவிட்டால் இவர்களோடு நீயும் நாட்டை விட்டுக் கிளம்பு!"

தத்தை அந்த அவையின் கெட்டிக்காரி. வீட்டில் பல் முளைக்கும் பிள்ளை வேறு. அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவாள்?

"விலகாத எலும்புக்குக் கத்தி எதற்கு அரசே? கட்டுதான்," என்றாள்.

மறுநாளே ராஜா கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு குதிரை லாயத்தில் நின்றார். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

"இன்னொரு தரம் ஊன்றினால் எலும்பு விலகிவிடும். அப்புறம் என் கத்திதான்," என்றார் அகோரம்.

"இவரை யாரம்மா உட்கார வைப்பது?" மருதையன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தவழ்ந்தோடும் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் தத்தை. அவளுக்கு ராஜா எம்மாத்திரம்?

அந்த வம்சத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் வழக்கைத் தொடங்கிவிட்டால், வந்தவர்கள் எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை ராஜா ஆசனத்தை விட்டு எழக்கூடாது. அதற்குப் பயந்தே நம் ராஜா வழக்கு கேட்பதைத் தள்ளிப்போட்டு வந்தார். மறுநாள் காலை அவர் ஆசனத்தில் சாய்ந்ததுதான் தாமதம், தத்தை வழக்கோடு வந்த ஊராருக்கு வாசலைத் திறந்துவிட்டாள்.

"மகாராசா! பக்கத்து வீட்டுக் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறிப்புடுச்சு!"

"பொய்யி ராசா! கோழி சும்மா நடந்துச்சு!"

"சும்மா நடந்த கோழி வாயில கீரை எப்படிடி வந்துச்சு?"

ராஜா மெல்லக் காலை இறக்கப் போனார்.

"அரசே, வழக்கு முடியலையே," என்றாள் தத்தை.

பல்லைக் கடித்துக்கொண்டு ராஜா காலைத் தலையணைமேல் ஏற்றினார். கோழிக்குப் பின்னால் வேலித் தகராறு. வேலிக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர். வரிசை சந்தைவரை நின்றது. இருட்டியதும், "மிச்சத்தை விடிஞ்சதும் சொல்றோம் ராசா," என்றார்கள். எழுந்ததாகக் கணக்கு வராமல் சேவகர்கள் ராஜாவை ஆசனத்தோடு படுக்கைக்குத் தூக்கிப் போனார்கள். விடிந்ததும் தூக்கி வந்தார்கள்.

நட்ட நாற்று கதிர் விட்ட பிறகுதான் வரிசை கரைந்தது. மருதையன் கட்டை அவிழ்த்தார். அகோரமே குதிகாலை அமுக்கிப் பார்த்து, "ஜோராகக் கூடிவிட்டது!" என்றார். ராஜா காலை ஊன்றினார். வலியே இல்லை.

உடனே முறைத்தார். "தத்தை, உண்மையைச் சொல். என்னை உட்கார வைக்க இத்தனை பொய் வழக்கையும் நீதானே கிளப்பிவிட்டாய்?"

"ஐயையோ, ஒன்றுகூடப் பொய்யில்லை அரசே! வழக்கெல்லாம் பழசு. நீங்கள் உட்கார்ந்து கேட்டதுதான் புதுசு!"

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தையின் கையில் போட்டுவிட்டு, இரண்டு வைத்தியர்களுக்கும் பட்டாடை கொண்டுவரச் சொன்னார்.