உடும்பு கிழித்த கோடு

ஒரு காட்டில், ஒரு கோடைக்காலக் காலையில், தேவாங்கு ஒன்று தேங்காய்ச் சிரட்டையை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? காய்ந்த மண்ணும் நான்கு இலையும்தான்.

அந்தத் தேவாங்குக்கு இரட்டைக் குட்டிகள். அதற்குக் கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். யாராவது கூப்பிட்டால்கூட இலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

"அம்மா, தாகமா இருக்கு," என்றது பெரிய குட்டி, கிளையில் தொங்கிக்கொண்டே.

"எனக்கு அவளைவிடத் தாகம்," என்றது சின்னது.

"இதோ போயிட்டு வந்துடறேன் கண்ணுகளா."

கேளுங்கள் பிள்ளைகளே, ஆறு வற்றியதும் யானையும் மானும் மலையைத் தாண்டிப் போய்விட்டன. சின்னப் பிராணிகளுக்கு மிச்சம் இருந்தது பாறை இடுக்கில் ஒரு சுனை. எல்லாரும் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். வீட்டுக்குத் தினமும் அரைச் சிரட்டைத் தண்ணீர். அளந்து கொடுப்பது உடும்பு. எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் அது உடும்புக்குக் கூலி.

உடும்பு ஒரு சிரட்டையை எடுத்தது. அடியிலிருந்து விளிம்பு வரை உயரம் பார்த்தது. சரியாக நடுவில் நகத்தால் ஒரு கோடு கிழித்தது. "இதுதான் அரை. கிழிச்ச கோட்டை யாரும் தாண்டக் கூடாது," என்றது. நடுவில்தானே இருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

தேவாங்கு புறப்படும்போது பக்கத்துப் பொந்திலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. அது குட்டி போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"தங்கச்சி, என் பங்கையும் வாங்கிட்டு வந்துடறியா? எழுந்து நடக்க முடியல."

"சிரட்டையைக் குடுங்கக்கா."

சுனையில் இரண்டு சிரட்டையிலும் பங்கு வாங்கியாயிற்று. ஆனால் மரம் ஏற ஒரு கையாவது வேண்டுமே! தேவாங்கு இரண்டையும் உடும்பின் சிரட்டை அளவே இருந்த தன் சிரட்டையில் ஊற்றிக்கொண்டது. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று, விளிம்பு வரை தளும்பும், மெதுவாகப் போகணும் என்று நினைத்தபடி அடிமேல் அடி வைத்து ஏறியது.

மேலே போய்ப் பார்த்தால் தண்ணீர் தளும்பவே இல்லை. விளிம்புக்கு வெகுவாகக் கீழே கிடந்தது.

"வழியில சிந்திட்டியாம்மா?" என்றது பெரிய குட்டி.

தேவாங்கு தன் கையைப் பார்த்தது. காலைப் பார்த்தது. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இல்லடி. நான் சிந்தல," என்றது. அன்று முழுக்க அதற்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

மறுநாள் சுனையில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தேவாங்கு தன் பங்கையும் அணிலின் பங்கையும் வாங்கியது. ஆனால் நகரவில்லை. உடும்பின் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"வாங்கினா கிளம்ப வேண்டியதுதானே? என்ன தேவாங்கு மாதிரி முழிக்கிற?" என்றது உடும்பு.

"தேவாங்குதானேண்ணே. வேற எப்படி முழிக்கிறது?"

பின்னால் நின்ற முயல் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

தேவாங்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "உங்க சிரட்டையைக் குடுங்கண்ணே. இந்த ரெண்டு அரையையும் அதுல ஊத்திப் பாக்கணும்."

"எதுக்கு?"

"நிறையுதான்னு பாக்க."

உடும்பின் வால் விறைத்தது. "கேள்வி கேக்கறவங்களுக்கு நாளையிலேருந்து தண்ணி கிடையாது. உன் குட்டிகளை நினைச்சுப் பேசு."

இந்த அரைச் சிரட்டையும் போய்விட்டால் குட்டிகள் கதி என்ன? ஆனாலும் தேவாங்கு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அதுகளை நினைச்சுத்தாண்ணே பேசுறேன்," என்றது. கீழே இருந்த உடும்பின் சிரட்டையை எடுத்தது. ஒரு அரையை ஊற்றியது. இன்னொரு அரையையும் ஊற்றியது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிரட்டை நிறையவில்லை.

"ரெண்டு அரை போட்டா ஒண்ணு வரணும். இங்க ஏன் வரல?" என்றது தேவாங்கு.

"வெயில் குடிச்சிருக்கும்," என்றது உடும்பு.

"அந்த வெயிலுக்குக் கொஞ்சம் வாலும் இருக்கும்போல," என்றது முள்ளம்பன்றி. அதற்குச் சட்டென்று கோபம் வரும். "இந்தாம்மா, என் அரையையும் ஊத்து."

மூன்றாவது அரையும் விழுந்தது. அப்போதும் தண்ணீர் விளிம்பைத் தொடவில்லை!

"அடடா! மூன்று அரை சேர்ந்தாலும் ஒன்று ஆகவில்லையே!" என்று தோகையைச் சிலுப்பிக்கொண்டது மயில். அதற்கு எப்போதும் அலங்காரப் பேச்சுதான்.

உடும்பு விடவில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? சிரட்டைத் தண்ணீரைச் சுனையிலேயே திருப்பி ஊற்றிவிட்டு, ஒரு புல்லை எடுத்து உயரம் அளந்தது. புல்லை இரண்டாக மடித்துக் காட்டியது. "பாருங்க! கோடு நடுவுலதான் இருக்கு. நான் பொய் சொன்னேனா?"

மடித்த புல் சரியாகக் கோட்டில் வந்து நின்றது. முயல் மறுபடியும் தலையாட்டத் தொடங்கியது.

"தலையாட்டாதே முயலு!" என்றது தேவாங்கு. அவ்வளவு சத்தமாக அது அதற்கு முன் பேசினதே இல்லை. "உயரத்துல நடு, சரி. நாம குடிக்கிறது உயரத்தையா, தண்ணியையா? சிரட்டை அடியில ஒடுக்கம், மேல அகலம். கோட்டுக்குக் கீழ என் குட்டி ஒண்ணு உக்கார இடமில்ல. மேல ரெண்டும் கட்டிப் புரளும். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தானே பாதி?"

"சிரட்டை என்னோடது! தரமாட்டேன்!" உடும்பு சிரட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

முள்ளம்பன்றி மெல்லத் திரும்பி நின்றது. முட்கள் சலசலவென்று எழுந்தன. "பிடியை விடறியா? இல்ல, நான் இப்படியே பின்பக்கமா உன் மேல நடந்து வரட்டுமா?"

வாழ்நாளில் முதல் தடவையாக உடும்பு பிடியை விட்டது.

தேவாங்கு கோட்டுக்கு மேலே ஒரு புதுக் கோடு கிழித்தது. அந்தக் கோடு வரை இரண்டு முறை அளந்து, தன்னிடமிருந்த இரண்டு சிரட்டையிலும் எடுத்து, இரண்டையும் உடும்பின் சிரட்டையிலேயே திருப்பி ஊற்றிப் பார்த்தது. பற்றவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே கிழித்தது. மறுபடியும் அப்படியே அளந்து ஊற்றியது. இந்தத் தடவை சிரட்டை விளிம்பு வரை நிறைந்து, ஒரு சொட்டுக்கூடக் கூடாமல் குறையாமல் பளபளவென்று நின்றது.

"இதான் அரை!" என்று கத்தியது முயல்.

அந்தக் கோட்டின்படியே எல்லாரும் பங்கு வாங்கினார்கள். சுனையில் ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சியது. உடும்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் குடித்தது.

தேவாங்கு இரண்டு பங்கையும் ஒரே சிரட்டையில் ஊற்றித் தூக்கியது. கை ஆடியதும் ஒரு சொட்டு அதன் காலில் விழுந்தது. "சிந்தறதுன்னா இதுதான்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டது.

"நாளையிலிருந்து நீயே அளந்து கொடுத்துவிடேன் அம்மா," என்றது மயில். "நீ அளந்தால் நாங்கள் பார்க்கவே வேண்டாம்."

"ஐயோ, அப்படி மட்டும் விட்டுடாதீங்க. நான் அளந்தாலும் ரெண்டு அரையை ஊத்திப் பாத்துத்தான் வாங்கணும். ஏன்னா, அளக்கிற கை யாரோடதா இருந்தாலும்..."

"அம்மாஆ! தண்ணி!" என்று மரத்து உச்சியிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

நீதி: இரண்டு சேர்ந்து ஒன்று ஆகாதது அரை ஆகாது, யார் கிழித்த கோடானாலும் ஊற்றிப் பார்த்தே ஒப்புக்கொள்.